கொசுறு கேட்ட கொத்தமல்லி



சென்ற இதழில் மணத்தக்காளிக் கீரையைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், "அது கிடக்கட்டும், கொத்தமல்லிக்கு ஒரு வழி சொல்லுங்கள். எத்தனை தடவை போட்டாலும் முளைக்க மாட்டேன் என்கிறது" என்று பலர் எழுதிக் கேட்டுவிட்டீர்கள். "முளைக்கிறது, ஆனால் இரண்டு அங்குலம் வந்ததும் சாய்ந்துவிடுகிறது" என்று சிலர். "இலையைப் பறிப்பதற்குள் பூத்துத் தொலைக்கிறது" என்று இன்னும் சிலர்.

வழி சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் பட்ட வெட்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எனக்குக் கொத்தமல்லி போடக் கற்றுக் கொடுத்தது ஒரு தள்ளுவண்டிக் காய்கறிக்கார அம்மாள். அதுவும் நான் அவரிடம் வாசலில் நின்று சண்டை போட்ட பிறகு!

2023-ம் வருஷம் ஐப்பசி மாதம். திருச்சியில் நாலு நாளாக விட்டு விட்டு மழை. எங்கள் உறையூர்த் தெருவுக்குப் பத்து வருஷத்துக்கு மேலாக வருகிற அந்த அம்மாள், வண்டிக்கு மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். கத்தரிக்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாமாக 180 ரூபாய்க்கு வாங்கினேன். காசு கொடுத்துவிட்டு, வழக்கம் போல, "கொசுறு எங்கேம்மா?" என்றேன். கறிவேப்பிலை இரண்டு இணுக்கு வைத்தார்.

"கொத்தமல்லி?"

"மழைக்கு எல்லாம் அழுகிப் போச்சு தாயி. இன்னிக்கு ஒரு கட்டு முப்பது ரூபாய். கொசுறு கட்டுப்படியாகாது."

எனக்கு என்ன தோன்றியதோ, பேசிக்கொண்டே கையை நீட்டி, வண்டியில் இருந்த கட்டிலிருந்து ஒரு பிடி உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் சட்டென்று என் பைக்குள் கையை விட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எதிர் வீட்டு மாமியும், பக்கத்து வீட்டுப் பெண்ணும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். எனக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது.

"இத்தனூண்டு இலைக்கா இந்தப் பாடு? மண்ணில் விசிறினால் தானா முளைக்கிற சமாச்சாரம்!" என்று சத்தம் போட்டேன்.

"அப்படின்னா நீங்களே விசிறி எடுத்துக்கங்க தாயி" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மறு நாளிலிருந்து எங்கள் வாசலில் வண்டி நிற்கவில்லை. எதிர் வீட்டில் நிற்கும், அடுத்த வீட்டில் நிற்கும், எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போகும்.

என் மாமியார் முழங்கால் வலியால் அதிகம் நடமாட முடியாதவர். வாசல் திண்ணைதான் அவருக்கு உலகம். அந்த அம்மாளோடு தினம் நாலு வார்த்தை பேசினால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்: "கொசுறுங்கறது அவ கையால விழணும். நம்ம கை போய் எடுக்கப்படாது."

"போதும் அத்தை. நானே போட்டுக் காட்டறேன், பாருங்கோ" என்றேன். ரோஷம்!

மூன்று தடவை தோல்வி

மளிகை டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி தனியாவை எடுத்தேன். பூந்தொட்டியில் இரண்டு அங்குலத்துக்குக் குழி பறித்து, அப்படியே முழுசாகக் கொட்டி மூடி, காலையும் மாலையும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். மேலே மழை வேறு. பதினைந்து நாள் கழித்துக் கிளறிப் பார்த்தால் எல்லாம் ஊறி அழுகி நாற்றம்.

யாரோ தனியாவை உடைத்துப் போட வேண்டும் என்றார்கள். அதற்கென்ன என்று மிக்சியில் போட்டு ஒரு சுற்று சுற்றினேன். பாதி பொடியாகப் போய்விட்டது, மீதி குறுணை. முளைத்தது மூன்றே மூன்று.

மூன்றாம் தடவை விதைக் கடைப் பாக்கெட் வாங்கினேன். ஒரே தொட்டியில் பாக்கெட் முழுவதையும் கொட்டினேன். இந்தத் தடவை பச்சைப் பசேலென்று முளைத்ததே! இவரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன். நாலாம் நாள் காலையில் பார்த்தால், தண்டு அடியில் நைந்து, அத்தனையும் படுத்துவிட்டன.

"உன் மல்லிக்கு இதுவரைக்கும் எவ்வளவு ஆச்சு?" என்று இவர் சிரித்துக்கொண்டே கேட்டார். தொட்டி, உரம், விதை எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்கு மேல் ஆகியிருந்தது. நான் பதில் சொல்லவில்லை.

மார்கழி பிறந்த சமயம். நான் வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்கிறேன், வண்டிச் சத்தம். அந்த அம்மாள் எங்கள் வாசலில் நின்றார். பார்வை திண்ணை ஓரம் இருந்த தொட்டிகள் மேல்.

"என்ன தாயி, முளைச்சுதா?"

குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. குழந்தைக்கு ஜுரம் விட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்டார். "இல்லைம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

வண்டிச் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். தொட்டிக்குள் விரலை நுழைத்துப் பார்த்தார். "இது சேறு தாயி. மல்லிக்கு மூச்சு முட்டும்" என்றார். பிறகு, "தனியா கொஞ்சம் கொண்டாங்க" என்றார்.

கொண்டு வந்து கொடுத்தேன். திண்ணையில் ஒரு துணியை விரித்து, அதில் தனியாவைப் பரப்பி, மேலே துணியை மடித்துப் போட்டு, எங்கள் வீட்டுச் சப்பாத்திக் குழவியால் அழுத்தாமல், லேசாக உருட்டினார். துணியை விரித்தால் ஒவ்வொரு மணியும் சரியாக இரண்டாகப் பிரிந்திருக்கிறது!

"நீங்க ஒண்ணுன்னு நினைக்கிறது ஒண்ணு இல்ல, ரெண்டு. உள்ளே ரெண்டு விதை ஒட்டிக்கிட்டு இருக்கு. பிரிச்சு விட்டாத்தான் ரெண்டும் நல்லா வரும்."

இருபது வருஷத்துக்கு மேலாகத் தினம் தனியாவைக் கையால் அள்ளி வறுத்து அரைக்கிறேன். அதற்குள்ளே இரண்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதெல்லாம் தெரிந்தது. முசிறிப் பக்கத்தில் அவருடைய அப்பா கீரை போட்டவராம். கொத்தமல்லிப் பாத்தியில் தண்ணீர் கட்டி வளர்ந்தவராம். இப்போது விடிய மூன்று மணிக்கு காந்தி மார்க்கெட் போனால்தான் சரக்கு. கையில் முதல் இல்லாத நாளில், காலையில் 900 ரூபாய் வாங்கினால் சாயந்தரம் 1000 கட்ட வேண்டும். அன்றைக்கு நான் உருவிய அந்தக் கட்டும் அப்படி வாங்கிய பணத்தில் வந்ததுதான். மழையில் பாதி அழுகிப்போய், மிச்சம் இருந்தது நாலே கட்டாம்.

"நீங்க எடுத்ததுக்குக் கோபம் இல்ல தாயி. தானா முளைக்கும்னு சொன்னீங்க பாருங்க, அதுதான்" என்றார்.

சகோதரிகளே, அவர் சொல்லிக் கொடுத்ததையும், அதற்குப் பிறகு நானாகப் போட்டுத் தெரிந்துகொண்டதையும் இனி வரிசையாக எழுதுகிறேன்.

எப்போது போடலாம்?

கொத்தமல்லி குளிர்ச்சியை விரும்புகிற செடி. புரட்டாசியிலிருந்து தை வரை நமக்கு நல்ல காலம். அடைமழை நாட்களில் மட்டும் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள். ஆனி, ஆடியிலும் போடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் செடி "இனி பிழைக்க மாட்டோம்" என்று நினைத்து, அவசர அவசரமாகப் பூத்து விதை கட்டப் பார்க்கும். இலை கிடைக்காது. கோடையிலும் வேண்டும் என்றால், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் கொஞ்சம் நெருக்கமாக விதைத்து, 25, 30 நாளில் இளசாகவே வெட்டிவிடுங்கள். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

தொட்டியும் மண்ணும்

கொத்தமல்லிக்கு ஆணிவேர். நேராகக் கீழே இறங்கும். அதனால் 8 அங்குல ஆழமாவது வேண்டும். அகலம் ஓர் அடி இருந்தால் நல்லது. பழைய பிளாஸ்டிக் தொட்டி, உடைந்த வாளி, அரிசி வந்த சாக்கு எதுவானாலும் சரி, அடியில் நாலைந்து ஓட்டை இருக்க வேண்டும். ஓர் இடத்தில் நாற்று விட்டு, பிடுங்கி இன்னோர் இடத்தில் நடுகிற வேலை இதற்கு ஒத்துவராது. வேர் அசைந்தால் கோபித்துக்கொண்டு வாடிவிடும். போட்ட இடத்திலேயே வளரட்டும்.

செம்மண் ஒரு பங்கு, மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணல் அரைப் பங்கு. மணல் கிடைக்காவிட்டால் தேங்காய் நார்க் கழிவைக் கழுவிச் சேர்க்கலாம். கையில் பிடித்தால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் கணக்கு. என்னுடைய முதல் தொட்டி வெறும் களிமண். அதனால்தான் சேறு.

விதை

மளிகைத் தனியா முளைக்குமா என்று கேட்கிறீர்கள். புதுச் சரக்காக இருந்தால் நன்றாக முளைக்கும். பழசாகிவிட்டாலோ, வெளுத்துப் போயிருந்தாலோ, வெயிலில் அதிகம் காய்ந்திருந்தாலோ சந்தேகம்தான். பத்து மணியை இரண்டாகப் பிரித்து, ஈரத் துணியில் மடித்து, ஒரு கிண்ணத்தில் வைத்து மூடுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளியுங்கள். பத்து நாளில் பாதிக்கு மேல் முளை காட்டினால் அந்தத் தனியா உங்கள் தொட்டிக்குத் தாராளமாக ஆகும்.

விதைக் கடையில் வாங்கினால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ ரகங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பாக்கெட் விதையில் சிலவற்றுக்குப் பூஞ்சாண மருந்து தடவியிருப்பார்கள், சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் தெரியும். மிச்சமாகிறதே என்று அதை மட்டும் ரசப் பொடிக்குச் சேர்த்துவிடாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மணிகளைத் துணியில் வைத்துக் குழவியால் லேசாக உருட்டிப் பிரித்தபின், ராத்திரி முழுவதும் தண்ணீரில் ஊற விடுங்கள். காலையில் வடித்து, நிழலில் ஈரம் ஆறவிட்டு விதையுங்கள்.

ஓர் அடித் தொட்டிக்கு 30 மணி போதும், பிரித்தால் 60 ஆகிறது அல்லவா! மண்ணை முதலில் நனைத்துக்கொண்டு, பரவலாகத் தூவி, மேலே அரை அங்குலத்துக்குச் சலித்த மண்ணோ மண்புழு உரமோ போட்டால் போதும். நான் போட்ட மாதிரி இரண்டு அங்குலக் குழி வேண்டாம்.

முளை வருவதற்கு 8 நாளிலிருந்து 15 நாள் வரை ஆகும். இங்கேதான் நம்மில் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. வெந்தயம் மூன்றாம் நாளே தலை காட்டும். மல்லி அப்படி இல்லை. கிளறிக் கிளறிப் பார்க்காதீர்கள்.

தண்ணீர்

கையால் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் ஊசியால் ஏழெட்டு ஓட்டை போட்டுக்கொண்டால் அருமையான பூவாளி. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். சாயந்தரத்தைவிடக் காலையில் தெளிப்பது நல்லது. ராத்திரி முழுவதும் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சாணம் பிடிக்கும்.

என் மூன்றாவது தொட்டி படுத்துப் போனதற்கு இரண்டு காரணம். ஒன்று நெருக்கம், இன்னொன்று அளவுக்கு மீறிய ஈரம். முளைத்துப் பத்து நாளில் நெருக்கமான இடங்களில் களைத்துவிடுங்கள். செடிக்குச் செடி ஓர் அங்குலமாவது இடம் இருக்கட்டும். பிடுங்கிய பிஞ்சுகளை எறிய வேண்டாம், அன்றைய ரசத்துக்கு அதைவிட வாசனை வேறு கிடையாது.

தினம் நாலைந்து மணி நேரம் வெயில் பட வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவினால் போதும். இலைக்கு அடியில் சின்னச் சின்னதாக அசுவினிப் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தால், முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பாருங்கள், உதிர்ந்துவிடும். அதற்கும் போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டு சோப்புக் கரைசலும் கலக்கிச் சாயந்தரத்தில் தெளிக்கலாம். அப்படித் தெளித்தால் ஒரு வாரம் இலையைப் பறிக்கக் கூடாது. இது நாம் சாப்பிடுகிற இலை அல்லவா?

எப்படிப் பறிப்பது?

கடைக் கட்டில் வேரோடு இருக்கிறதே, நாமும் பிடுங்கலாமா என்று கேட்கிறீர்கள். சந்தைக்குப் போடுகிற விவசாயி ஒரே நாளில் பாத்தியைக் காலி செய்கிறார், அதனால் பிடுங்குகிறார். நமக்கு எதற்கு அந்த அவசரம்? செடி ஒரு சாண் வளர்ந்ததும், அதாவது 35, 40 நாளில், காலை வேளையில் கத்தரிக்கோலால் வெளிப்பக்கத்துத் தண்டுகளை மட்டும் தரையிலிருந்து ஓர் அங்குலம் விட்டு வெட்டுங்கள். நடுவிலே சுருண்டிருக்கும் குருத்தைத் தொட வேண்டாம். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி தழையும். இப்படி இரண்டு, மூன்று வெட்டு எடுக்கலாம்.

அகலமான இலை போய், சோம்புச் செடி மாதிரி நூல் நூலாக இலை வர ஆரம்பித்தால், பூக்கப் போகிறது என்று அர்த்தம். இலையின் ருசி மாறிவிடும். அப்போது நாலைந்து செடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். வெள்ளைப் பூவாகப் பூக்கும், தேனீ வரும். பிறகு பச்சை மணி பிடிக்கும். அந்தப் பச்சை மணியை நாலு கிள்ளிச் சட்னியில் வைத்து அரைத்துப் பாருங்கள், கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத ருசி.

மணி பழுப்பு நிறத்துக்கு மாறியதும், பனி ஈரம் இருக்கும்போதே காலையில் கொத்தோடு வெட்ட வேண்டும். நடுப்பகலில் தொட்டால் உதிர்ந்துவிடும். துணிப் பையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால், காய்ந்து பைக்குள்ளேயே கொட்டும். விதைத்ததிலிருந்து இதற்கு மூன்று, மூன்றரை மாதம் ஆகும். அடுத்த போகத்துக்கு விதை வீட்டிலேயே வந்துவிட்டது!

ஒரே நாளில் எல்லாம் போடாதீர்கள்

நான் சொல்வதில் இதுதான் முக்கியம். நாலு தொட்டி இருந்தால் நாலிலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். ஒரே சமயத்தில் நாலும் வளர்ந்து, ஒரே சமயத்தில் பூத்து, ஒரே சமயத்தில் காலியாகும். இன்றைக்கு ஒன்று, பன்னிரண்டு நாள் கழித்து இன்னொன்று, இன்னும் பன்னிரண்டு நாளில் மூன்றாவது, அதன் பிறகு நாலாவது. நாலாவது தொட்டி முளைத்துவரும்போது முதல் தொட்டியில் கத்தரிக்கோல் வைக்கலாம். நாள்காட்டியில் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டால் மறக்காது.

உடம்புக்கு

கொத்தமல்லி இலையில் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிற பீட்டா கரோட்டினும், வைட்டமின் சி, வைட்டமின் கே ஆகியவையும் இருக்கின்றன. அதற்காக, ரத்தச் சோகைக்கு டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு மல்லிச் சாறு குடித்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாத்திரை மாத்திரைதான், மல்லி மல்லிதான். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஒரு நாள் ஒரு கட்டு, பத்து நாள் ஒன்றுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுக்காமல், எப்போதும் ஒரே அளவாகக் கொடுங்கள். டாக்டரிடமும் சொல்லிவைப்பது நல்லது. பச்சையாக அரைக்கிற சட்னிக்கு இலையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பதானால் இதில் சோம்பலே கூடாது.

வெட்டி வைப்பதானால் கழுவாமல், ஈரம் இல்லாமல், பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் தாங்கும். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் தண்டு நனைகிற மாதிரி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இரண்டு நாள் வாடாது.

என் மாமியாரின் துவையல்

இரண்டு பிடி கொத்தமல்லி, இளந்தண்டோடு. உளுத்தம்பருப்பு 2 ஸ்பூன், வற்றல் மிளகாய் 3, கொட்டைப்பாக்கு அளவு புளி, பெருங்காயம், உப்பு. பருப்பையும் மிளகாயையும் பெருங்காயத்தையும் எண்ணெயில் சிவக்க வறுத்து ஆறவிடுங்கள். இலையை அடுப்பை அணைத்த பிறகு அதே வாணலிச் சூட்டில் ஒரு புரட்டு, அவ்வளவுதான். முதலில் பருப்பு, மிளகாய், புளி, உப்பைக் கரகரப்பாக அரைத்து, பிறகு இலையைச் சேர்த்து இரண்டு சுற்று. தண்ணீர் விடாமல் கெட்டியாக எடுங்கள். சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடலாம், தயிர் சாதத்துக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

மார்கழி முதல் வாரம் விதைத்த தொட்டியில் தை நடுவில் கத்தரிக்கோல் வைத்தேன். சரியாக 41-ம் நாள். தினம் காலையில் தண்ணீர், இரண்டு தடவை உரம், மழை தூறினால் உள்ளே, வெயில் வந்தால் வெளியே என்று தூக்கித் தூக்கி வைத்தது. கடைசியில் என் கையில் வந்தது எவ்வளவு தெரியுமா? ஒரு பிடி. அன்றைக்கு அவர் வண்டியிலிருந்து நான் உருவினேனே, அதே அளவுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வண்டி வந்ததும் அதில் பாதியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "இந்தாங்கக்கா, உங்க தொட்டியில் வந்தது" என்றேன். அவரை அக்கா என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

"மல்லி விக்கிறவளுக்கே மல்லியா!" என்று பெரிதாகச் சிரித்தார். ஆனால் வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்த்துவிட்டு, "பேரப்புள்ளைக்கு ரசம் வைக்கிறேன்" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். திண்ணையிலிருந்து என் மாமியார், "இன்னிக்கு என்ன காய் இருக்கு?" என்று கேட்டார். விட்டுப்போன பேச்சு அங்கிருந்து தொடர்ந்தது.

கொத்தமல்லி போட்டு நான் பணம் மிச்சம் பிடித்தேனா என்று கேட்டால், இல்லை. நாலு தொட்டியில் வருவது பாதி மாதத்துக்குத்தான் ஆகும். கோடையில் அதுவும் கிடையாது. மீதி நாளைக்கு அவரிடம்தான் வாங்குகிறேன். ஆனால் இப்போது முதலில், "மல்லி என்ன விலை அக்கா?" என்று கேட்டு, காசையும் காய்க் கணக்கோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். மழைக்காலத்தில் விலை ஏறினால், வேண்டாம் என்று விட்டுவிடுவேனே தவிர, பேரம் பேசுவதில்லை.

கொசுறு கேட்பதை விட்டுவிட்டேன். கேட்காவிட்டாலும் கறிவேப்பிலையோடு இரண்டு தண்டு மல்லியும் என் பையில் விழத்தான் செய்கிறது. அது அவர் கையால் விழுகிறது.

நீங்களும் இந்த வாரமே ஒரு தொட்டி போடுங்கள். முளைத்ததா, என்றைக்கு வெட்டினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் புதினாவோடு வருகிறேன்.